சென்னையில் வாழ்ந்த யூதர்கள்: நமக்கொரு படிப்பினை

 

சென்ற ரமலானில் ஒரு நாள் தராவீஹ் தொழுகைக்குப் பின் இளைஞர் சிலர் பள்ளி முற்றத்தில் உரையாடிக்கொண்டிருந்தனர். வாங்கிய கடனைத் திருப்பித் தராத ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அவன் சரியான யூதன்" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தனர். அருகில் நின்ற நாமும் ஒன்றும் கூறாமல் அறைக்குத் திரும்பினோம்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. இச்சொல்லை இப்பிள்ளைகள் எங்கே கற்றனர் என்று எண்ணிப் பார்த்தோம். காஸாவைப் பற்றி நாம் ஆற்றிய ஜுமுஆ பயான்களே நினைவுக்கு வந்தன. இஸ்ரேலிய அரசு என்றும் இராணுவம் என்றும் கூற வேண்டிய இடங்களிலெல்லாம் 'யூதர்கள்' என்றே நாம் கூறியிருந்தோம். மிம்பரில் விதைத்தது முற்றத்தில் முளைத்திருந்தது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த உறுத்தலே.

பவளக்காரத் தெரு

அன்று சிரித்த பிள்ளைகளில் எவரும் ஒரு யூதரையேனும் நேரில் கண்டதில்லை. ஆயினும் யூதர்கள் இந்நகருக்கு அந்நியர் அல்லர். பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டா வைரத்தின் புகழ் உலகெங்கும் பரவியிருந்தது. அவ்வைரத்தை வாங்க இலண்டனிலிருந்தும் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் யூத வணிகர்கள் சென்னப்பட்டணம் வந்து குடியேறினர். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகம் வழியாகப் பவளம் இங்கு வந்தது. இங்கிருந்து வைரம் ஐரோப்பா சென்றது. ஜார்ஜ் டவுனில் உள்ள பவளக்காரத் தெருவின் பெயர் இன்றும் அவ்வணிகத்தை நினைவூட்டுகிறது.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த வைர வணிகர் ஜேக் டி பைவா 1687-ல் இங்கேயே இறந்து அடக்கம் செய்யப்பட்டார். 1688-ல் சென்னை மாநகராட்சி தொடங்கப்பெற்றபோது அதன் ஆல்டர்மேன்களாக நியமிக்கப்பட்டவர்களில் யூத வணிகர்களும் இருந்தனர். நம் நகராட்சியின் முதல் அவையிலேயே அவர்களுக்கு இருக்கை இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

வைர வணிகம் நலிந்தபின் அச்சமூகமும் சிறுகச் சிறுக மறைந்தது. வடசென்னையிலிருந்த அவர்களது பழைய அடக்கத்தலத்தின் கற்கள் பின்னாளில் இடம்பெயர்ந்து, லாயிட்ஸ் சாலை என்று நாம் அழைத்துப் பழகிய இன்றைய அவ்வை சண்முகம் சாலைக்கு வந்து சேர்ந்தன. மயிலாப்பூரிலிருந்து இராயப்பேட்டை செல்வோர் அவ்விடத்தைக் கவனியாமலே கடந்து போகின்றனர். சிறியதொரு சுற்றுச்சுவர், உள்ளே எபிரேய எழுத்துகள் பொறித்த சில கற்கள். இந்நகரில் அவர்களுக்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் அவ்வளவே.

ஒரே பட்டயத்தில் இரு கையொப்பங்கள்

யூதர்களும் நம் முன்னோரும் ஒரே கடலில் வணிகம் செய்தவர்கள். கி.பி. 849-ல் வேணாட்டு ஆட்சியாளர் அய்யன் அடிகள், கொல்லத்திலிருந்த தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவ ஆலயத்துக்கு வட்டெழுத்தில் செப்புப் பட்டயம் ஒன்றை வழங்கினார். அதில் சாட்சியாகக் கையொப்பமிட்டவர்களில் சிலர் கூஃபி அரபு எழுத்தில் எழுதினர். சிலர் எபிரேய எழுத்தில் எழுதினர். ஓர் இந்து மன்னர் கிறிஸ்தவர்களுக்கு அளித்த கொடைக்கு முஸ்லிம்களும் யூதர்களும் சாட்சிகள்! ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முற்பட்ட தென்னாட்டுக் காட்சி இது.

எல்லாம் இனிமையாகவே இருந்தது என்று கூறினால் அது வரலாறாகாது. 1524-ல் கொடுங்கல்லூரில் முஸ்லிம்கள் யூதர்களைத் தாக்கினர். வீடுகளும் ஆலயங்களும் அழிந்தன. இதனை நம் பகைவர் எழுதிவைக்கவில்லை. மலபாரின் பேரறிஞர் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் துஹ்ஃபதுல் முஜாஹிதீன் நூலே அம்மோதலைப் பதிவு செய்துள்ளது. பின்னர் போர்த்துக்கேயராலும் துன்புற்ற யூதர்களுக்குக் கொச்சி மன்னர் தம் அரண்மனையருகே இடமளித்தார். மட்டாஞ்சேரியில் 1568-ல் எழுந்த அவர்களது தொழுகை இல்லம் இன்றும் நிற்கிறது.

இரவல் வாங்கிய பகை

யூதர்களை இனமாகவே வெறுக்கும் நோய் எங்கே முற்றியது? ஐரோப்பாவில். 1290-ல் இங்கிலாந்தும் 1492-ல் ஸ்பெயினும் அவர்களை நாட்டைவிட்டே துரத்தின. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் தம் நாட்டில் இடமளித்தார். யூதர்கள் பிறமதத்தாரின் இரத்தத்தைத் தம் சடங்குக்குப் பயன்படுத்துகின்றனர் என்னும் பழியும் ஐரோப்பாவில் பிறந்ததே. 1840-ல் அப்பழி டமாஸ்கஸ் நகரில் எழுப்பப்பட்டபோது, அது பொய் என்று அரசாணை பிறப்பித்தவர் சுல்தான் அப்துல் மஜீத் ஆவார்.

யூதர்கள் உலகையே ஆளச் சதி செய்கின்றனர் என்று கூறும் 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' 1903-ல் ரஷ்யாவில் வெளியானது. ஒரு பிரெஞ்சு அரசியல் நூலிலிருந்து களவாடிப் புனையப்பட்ட போலி அது என்பதை 1921-ல் இலண்டன் டைம்ஸ் நாளிதழ் அம்பலப்படுத்தியது. அப்போலிச் சரக்கையும் துணைக்கொண்டு வளர்ந்த வெறுப்பே ஹிட்லரின் ஆட்சியில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றது. அதே சரக்கு இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குத் தமிழிலேயே வந்து சேர்கிறது. கலீஃபா பொய்யென்று தள்ளியதை நாம் உண்மையென்று பரப்பலாமா?

மதீனாவில் யூதக் குலங்கள் சிலவற்றோடு போர் நிகழவில்லையா என்று சிலர் வினவலாம். நிகழ்ந்தது. அது அக்குலங்களோடு எழுந்த பூசல். பிறப்பால் வந்த பகையன்று. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையதாயிற்றே என்று தோழர்கள் கூறியபோது, அதுவும் ஓர் ஆன்மாவல்லவா என்று வினவினார்கள். ஸஹீஹ் புகாரியில் இச்செய்தியை நாம் மதரஸாவில் ஓதியிருக்கிறோம்; ஓதியதோடு நிறுத்திக்கொண்டோம் போலும்!

அரசு வேறு, மக்கள் வேறு

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1200 பேர் கொல்லப்பட்டனர். அதன்பின் இரண்டாண்டுகளில் காஸாவில் 60,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் கூறுகிறது. அக்குழந்தைகளுக்காக நாம் அழுதோம். இனியும் அழுவோம், துஆச் செய்வோம். இஸ்ரேலிய அரசின் கொடுமையைக் கண்டிப்பது யூத வெறுப்பாகாது. அவ்வரசை எதிர்த்து யூதர்களே வீதியில் இறங்கியிருக்கின்றனர். நம் நாடு 1950-ல் இஸ்ரேலையும் 1988-ல் பாலஸ்தீன அரசையும் அங்கீகரித்தது. ஒரு மக்களின் உரிமையைக் கோருவதற்கு மற்றொரு மக்களின் அழிவைக் கோர வேண்டியதில்லை.

ஆனால் எங்கோ ஒரு தொழுகை இல்லத்தில் நிற்கும் யூத முதியவரிடம் காஸாவுக்குக் கணக்குக் கேட்பது நீதியாகாது. 2025 டிசம்பர் 14 அன்று சிட்னி நகரின் போண்டை கடற்கரையில் ஹனுக்கா பண்டிகை கொண்டாடியோர் மீது தந்தையும் மகனுமான இருவர் துப்பாக்கியால் சுட்டனர். 15 பேர் மாண்டனர். சுட்டவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். உயிரைப் பணயம் வைத்துப் பாய்ந்து, அவர்களில் ஒருவரின் துப்பாக்கியைப் பறித்த அஹ்மத் அல் அஹ்மத் என்பவரும் முஸ்லிமே. நம் பிள்ளைகள் யாருடைய வழியில் செல்ல வேண்டும் என்பதே கேள்வி.

சிலர் செய்ததற்காக எல்லாரையும் பழிப்பது எத்தகைய கொடுமை என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அண்மையில் வாடகைக்கு வீடு தேடினார். பெயரைக் கேட்டதும், வேறொருவருக்குப் பேசி முடித்தாயிற்று என்றனர். மறுவாரமும் அவ்வீட்டு வாயிலில் 'வாடகைக்கு' என்னும் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், நான் என்ன செய்தேன்?" என்று கேட்டார். அதே கேள்வியை ஒரு யூத இளைஞர் நம்மைப் பார்த்துக் கேட்டால் நம்மிடம் விடையுண்டா?

மும்பை காட்டிய வழி

2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் நரிமன் இல்லத்திலிருந்த யூத மையத்துள்ளும் புகுந்தனர். அங்கே ரப்பி கேவ்ரியல் ஹோல்ட்ஸ்பெர்க், அவர் மனைவி ரிவ்கா உள்ளிட்ட ஆறு பேர் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்ட தாக்குதல்காரர் ஒன்பது பேரின் உடல்களை அடக்கம் செய்ய, மரைன் லைன்ஸ் படா கப்ருஸ்தானை நிர்வகிக்கும் முஸ்லிம் அறக்கட்டளையினர் இடம்தர மறுத்துவிட்டனர். அவ்வுடல்கள் ஓராண்டுக்கு மேல் பிணவறையிலேயே கிடந்தன. மைய்யித்துக்கு மண் மறுப்பது நம் சமூகத்தில் எளிய முடிவன்று. எனினும் அப்பாவிகளைக் கொன்றோர் எம்மவர் அல்லர் என்பதை உலகறிய உரைக்க, நம்மைப் போன்ற நிர்வாகத்தினரே அதைச் செய்தனர்.

நம்மிடம் கேட்கப்படுவது அவ்வளவு பெரிய காரியமன்று, நாவைக் காப்பதுதான். முதலில் நாமே தொடங்குகிறோம்: இனி மிம்பரில் அரசை அரசென்றும், படையைப் படையென்றுமே கூறுவோம். பெற்றோர்களே, 'யூதன்' என்பதை வசைச்சொல்லாகப் பிள்ளைகள் கூறக் கேட்டால் அன்றே திருத்துங்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள கோபம் நம்மை நீதியினின்று பிறழச் செய்துவிடலாகாது என்பது திருமறையின் கட்டளை.

அன்று சிரித்த அவ்விளைஞர்களை, இன்ஷா அல்லாஹ், ஒரு நாள் லாயிட்ஸ் சாலைக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். அக்கற்களின் முன் சற்று நேரம் நின்று வருவோம். அங்கே உறங்குவோரும் ஆன்மாக்களே.

வல்ல அல்லாஹ் நம் நாவையும் உள்ளத்தையும் நீதியில் நிலைக்கச் செய்வானாக! பாலஸ்தீன மண்ணில் வாழும் அனைவருக்கும் அமைதியை அருள்வானாக! ஆமீன்.