செபாகோ ஏரிக்கரையில் இரவல் பெயர்கள்

என் ராத்தாவின் அல்பத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. பாடசாலைச் சாரணியர் பாசறையின் கடைசி இரவில் எடுத்தது. நெருப்பைச் சுற்றிப் பதினைந்து பிள்ளைகள் நிற்கிறோம். தலையில் காட்போட் மட்டையில் வெட்டிய பட்டி, அதில் குத்திய கோழி இறகு, கன்னத்தில் கரியால் இழுத்த இரண்டு கோடு. அன்றிரவு எனக்கு 'ஓடும் மான்' என்று பெயர். பக்கத்தில் நிற்பவள் 'வெண் முகில்'. பெயர்களைச் சீட்டில் எழுதி, தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி, ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார் பொறுப்பாசிரியை.

"கொமருப் புள்ள ராவையில வெளிய தங்குறதா?" என்று உம்மம்மா மூன்று நாள் எவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "டீச்சர்மார் இரிக்காங்கதானே மாமி, போயிட்டு வரட்டும்" என்று வாப்பாதான் வாசலைத் திறந்துவிட்டார். அந்த இரண்டு இரவுகளின் சந்தோஷத்தை நான் இன்றும் மறுக்கமாட்டேன். வீட்டு முற்றத்துக்கு அப்பாலும் வானம் இருக்கிறது என்று அங்குதான் கண்டேன். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று மட்டும் அன்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டுத் தேடியது வெகுகாலம் கழித்துத்தான். தேடல் என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் அமெரிக்காவின் வடகிழக்கு ஏரிக்கரைகள்.

ஒரு சொல் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். 'முகாம்' என்று எழுதுவதை இங்கு தவிர்த்திருக்கிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதன் பின்னர், புத்தளத்து ஓலைக் கொட்டில்களோடு அச்சொல் நம் காதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிள்ளைகள் ஏரியில் குதித்து விளையாடும் இடத்துக்கு அதை எழுதக் கை வரவில்லை. சாரணர்கள் சொல்லும் 'பாசறை'யே இருக்கட்டும்.

அமெரிக்காவில் கோடை விடுமுறை நீண்டது. இரண்டு மாதத்துக்கும் மேல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரங்கள் வீங்கியபோது, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை அந்த நாட்களில் காட்டுக்கு அனுப்பும் வழக்கம் உருவாயிற்று. முதலில் போனவர்கள் ஆண்பிள்ளைகளே. கனெக்டிகட்டில் ஃபிரெட்ரிக் கன் என்ற பாடசாலைத் தலைவர் தம் மாணவரை 1861 இல் கூடாரமடித்துத் தங்க அழைத்துச் சென்றார். 1881 இல் நியூ ஹம்ப்ஷயரின் ஓர் ஏரித்தீவில் ஏர்னெஸ்ட் போல்ச் என்ற இளைஞர் 'ஷொகோருவா' பாசறையை ஆரம்பித்தார். பெண்பிள்ளைகளின் முறை வருவதற்கு மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. காரணம் லேசானதல்ல. அதிகம் படித்தால் பெண்ணின் உடல் கெடும் என்று பொஸ்டன் வைத்தியர் எட்வர்ட் கிளார்க் 1873 இல் ஒரு நூலே எழுதியிருந்தார். அது பல பதிப்புகள் கண்டது. படிப்பே ஆகாது என்றால் மலையேறுவது எப்படி ஆகும்?

அந்தக் கதவைத் தள்ளித் திறந்தவர்கள் பெரும்பாலும் ஆசிரியைகள். விஞ்ஞானம் கற்பித்த லோரா மட்டூன் 1902 இல் நியூ ஹம்ப்ஷயரில் 'கெஹொங்கா' பாசறையைத் தொடங்கினார். இடுப்பை இறுக்கும் கச்சும் தரை கூட்டும் பாவாடையும் வீட்டிலேயே விடப்பட்டன. முழங்காலுக்குக் கீழே சுருக்கிக் கட்டிய தொளதொளத்த காற்சட்டையும் மாலுமிச் சட்டையும் பாசறை உடையாயின. விடியலில் ஊதுகுழல், கொடியேற்றம், குளிர்ந்த ஏரியில் ஒரு முழுக்கு. பிறகு தோணி வலித்தல், நீச்சல், நடைப்பயணம், கைவினை. பகல் உணவுக்குப் பின் படுக்கையில் கிடந்து வீட்டுக்குக் கடிதம் எழுத ஒரு மணி நேரம். இரவில் நெருப்பு, பாட்டு. பிள்ளைகளை இரு நிற அணிகளாகப் பிரித்து நாட்கணக்கில் போட்டியிட வைப்பது பின்னாளில் பல இடங்களில் வழக்கமாயிற்று. கடைசி இரவில் மரத்துண்டில் மெழுகுதிரி ஏற்றி ஏரியில் மிதக்கவிட்டு, அது அணையாமல் எவ்வளவு தூரம் போகிறது என்று அழுதுகொண்டே பார்த்து நிற்பதும் அப்படித்தான். 1916 இல் பெண்கள் பாசறை நடத்துநர்கள் தமக்கெனத் தேசிய சங்கமொன்றை அமைக்கும் அளவுக்கு இது வளர்ந்திருந்தது. அமெரிக்கப் பெண்களுக்கு நாடளாவிய வாக்குரிமை கிடைத்தது அதற்கும் நான்கு ஆண்டுகள் கழித்து என்பதை நினைவிற் கொண்டால், தாமே நிலம் வாங்கி, தாமே ஆட்களை நியமித்து, தாமே நிருவகித்த அப்பெண்களின் துணிவு விளங்கும்.

இனி இறகுக்கு வருவோம்.

1907 இல் மெயின் மாநிலத்தின் செபாகோ ஏரிக்கரையில் லூதர் கியூலிக், சார்லொட் கியூலிக் தம்பதியர் ஒரு பாசறை அமைத்தனர். லூதர் ஹொனலூலுவில் மிஷனரிக் குடும்பமொன்றில் பிறந்தவர். உடற்பயிற்சிக் கல்வியில் பெரும் பெயர். 1891 இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தது இவருடைய தூண்டுதலினாலேயே என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவைக்கலாம். பாசறைக்கு அவர்கள் இட்ட பெயர் 'வொஹெலோ'. கேட்டால் ஏதோ பூர்வகுடி மொழிச் சொல் என்றே தோன்றும். உண்மையில் அது உழைப்பு, ஆரோக்கியம், அன்பு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதல் இரண்டிரண்டு எழுத்துகளைக் கோத்தது. லூதர் தம்மை 'டிமானஸ்' என்றும் சார்லொட் 'ஹீட்டெனி' என்றும் அழைத்துக்கொண்டனர். 1910 இல் இங்கிருந்து 'கேம்ப் ஃபயர் கேர்ள்ஸ்' என்ற நாடளாவிய இயக்கம் பிறந்தது. அதில் சேரும் பெண் முதலில் விறகு சேகரிப்பவள், பின்னர் தீ மூட்டுபவள், அதன்பின் தீப்பந்தம் ஏந்துபவள். மான்தோல் போலத் தோன்றும், குஞ்சம் வைத்த பழுப்பு நிற அங்கியைத் தானே தைப்பாள். கற்ற வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி பெற்று மாலையில் கோப்பாள். தனக்கொரு 'இந்தியப்' பெயர் தெரிந்தெடுப்பாள். தெரிவதற்கு வசதியாகச் சொற்பட்டியல்களே அச்சாகி விற்பனைக்கு வந்தன.

சிறுவயதில் நாம் 'செவ்விந்தியர்' என்று படித்த அந்த மக்களின் பிள்ளைகள் அதே கோடைகளில் எங்கிருந்தார்கள்? என்னை உலுக்கிய கேள்வி இதுதான்.

பென்சில்வேனியாவில் கார்லைல் என்னுமிடத்தில் 1879 இல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற இராணுவ அதிகாரி ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். தூர மேற்கிலிருந்து ரயிலில் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளின் கூந்தல் வெட்டப்பட்டது, உடை களையப்பட்டது, தாய்மொழி தடுக்கப்பட்டது. பெயரும் போயிற்று. கரும்பலகையில் எழுதியிருந்த, தமக்கு வாசிக்கத் தெரியாத ஆங்கிலப் பெயர்களில் ஒன்றைக் கோலால் தொட்டுக் காட்டித் 'தெரிந்தெடுத்ததை' லூதர் ஸ்டாண்டிங் பெயர் 1928 இல் எழுதிய தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். இந்தியானாவிலிருந்த இன்னொரு விடுதியில் கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்த தன்னை இழுத்தெடுத்துப் பின்னலை வெட்டியதை சிட்காலா ஷா என்ற எழுத்தாளர் 1900 இல் வெளியிட்டார். கார்லைலில் கோடை விடுமுறைக்கு வீடு செல்வது பலருக்கு இல்லை. 'வெளியனுப்பல்' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. பிள்ளைகள் வெள்ளையர் வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டனர். பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சமையலும் சலவையும். ஓரிடத்தில் ஒரு பதின்மூன்று வயதுக்காரி மான்தோல் அங்கி மாதிரி தைத்துக்கொண்டிருந்தபோது, இன்னோரிடத்தில் அந்த அங்கிக்கு உரியவளின் மகள் பிறர் உடுப்பைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். சூரிய நடனம் முதலான சடங்குகளை 1883 முதலே அரசின் விதிகள் குற்றமாக்கியிருந்தன. ஏரிக்கரையில் ஆடினால் பண்பாட்டுக் கல்வி. ஒதுக்கு நிலத்தில் ஆடினால் தண்டனை.

இவ்வளவோடு நின்றிருந்தால் திருடன், பறிகொடுத்தவன் என்று இரண்டு பெட்டிகளில் போட்டு எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இந்தக் கதைக்குள் டொக்டர் சார்ல்ஸ் ஈஸ்ட்மன் வருகிறார்.

அவர் 1858 இல் மினசோட்டாவில் பிறந்த டகோட்டா இனத்தவர். 'ஒஹியேசா' அவருடைய டகோட்டாப் பெயர். பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று 1890 இல் பைன் ரிஜ் ஒதுக்கு நிலத்துக்கு வைத்தியராகப் போனார். போன சில வாரங்களில், டிசம்பர் 29 ஆம் திகதி, வூண்டட் நீ படுகொலை நடந்தது. பனிப்புயல் ஓய்ந்தபின் உயிரோடு எவராவது கிடக்கிறார்களா என்று பிணங்களுக்கிடையே தேடச் சென்றவர்களை வழிநடத்தியவர் இவர்தான். அங்கு சந்தித்த எலேன் குடேல் என்ற வெள்ளைக்கார ஆசிரியையை 1891 இல் மணந்தார். பிறகு கார்லைலுக்கு மாணவர் சேர்க்கவும் உதவினார். 1903 முதல் சில ஆண்டுகள், ஆயிரக்கணக்கான சியூ மக்களுக்குக் குடும்பப் பெயர் அமைத்துக் கொடுக்கும் அரச பணியையும் செய்தார். தகப்பனுக்கும் மகனுக்கும் வெவ்வேறு பெயராக இருந்தால் காணி உரித்து கைவிட்டுப் போகும் என்பதே அதன் நியாயம். பெயரைப் பறித்த பாடசாலைக்குப் பிள்ளை சேர்த்தவரே காணியைக் காக்கப் பெயரையும் மாற்றிக் கொடுத்தார்.

அந்த ஈஸ்ட்மன் 1914 இல் சாரணருக்கும் கேம்ப் ஃபயர் பெண்களுக்கும் ஒரு கைந்நூல் எழுதினார். பூர்வகுடிப் பெயர்களின் பொருளையும் அதில் விளக்கினார். 1915 இல் நியூ ஹம்ப்ஷயரின் கிரனைட் ஏரிக்கரையில் பெண்பிள்ளைகளுக்கென ஒரு கோடைப் பாசறையையே மனைவியோடு சேர்ந்து தொடங்கினார். பின்னர் அதற்கு 'ஒஆஹே' என்று பெயர். வந்தவர்கள் வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள். டகோட்டா உடையில் நின்று அவர் காட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். சொந்த மகள்மார் பாசறையில் உதவினர். அவர்களுள் ஐரீன் பாடகி. 'டலூட்டா' என்பது அவளுடைய டகோட்டாப் பெயர்.

அவர் ஏன் இதைச் செய்தார்? ஆறு பிள்ளைகளை வளர்க்கப் பணம் வேண்டியிருந்தது என்பது ஒரு பதில். தன் மக்களின் வாழ்வில் மேன்மை இருக்கிறதென்று வெள்ளையர் பிள்ளைகளாவது அறியட்டும் என்று அவர் உண்மையாகவே நம்பினார் என்பது இன்னொன்று. இரண்டும் சரியென்றே எனக்குப் படுகிறது. தன் மக்களிடம் தடை செய்யப்பட்டதை, தடை செய்தவர்களின் மகள்மாரிடம் ஒப்படைத்து வைக்கும் நிலை எவருக்கும் வரக்கூடாது.

1918 ஓகஸ்டில் லூதர் கியூலிக் தமது செபாகோ பாசறையிலேயே காலமானார். செப்டெம்பரில் கார்லைல் பாடசாலை மூடப்பட்டு, கட்டடங்கள் இராணுவ வைத்தியசாலையாயின. ஒக்டோபரில், உலகையே வாரிக்கொண்டுபோன அந்தக் காய்ச்சலில், ஐரீன் இறந்தாள். மகளின் மரணத்திலிருந்து பெற்றோர் மீளவில்லை. 1921 இல் இருவரும் பிரிந்தனர். பாசறையும் நிலைக்கவில்லை. வொஹெலோ இன்றும் நடக்கிறது.

இன்னுமொன்றைச் சொல்லாமல் விட முடியாது. கேம்ப் ஃபயர் குழுக்கள் பூர்வகுடிப் பிள்ளைகளின் அரச விடுதிப் பாடசாலைகளிலும் அமைக்கப்பட்டன. அதாவது, தாய் தைத்துக் கொடுத்த உடை களையப்பட்ட பிள்ளை, அதைப் பார்த்துப் போலியாகச் செய்யப்பட்ட அங்கியை இயக்கத்தின் விதிப்படி மீண்டும் தைத்து அணிந்தாள். இதை வாசித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பிறகு யோசித்தபோது, அவர்களுள் ஒருத்தியாவது பட்டியலைப் புறந்தள்ளி, தன் உம்மம்மா கூப்பிட்ட பெயரையே எழுதிக் கொடுத்திருப்பாள் என்று எண்ண ஆசையாயிருந்தது. ஆசைதான்.

எங்கள் ஊர்ப் பாசறைத்தீக்கு இறகு வந்த வழியையும் ஊகிக்க முடிகிறது. ஏர்னெஸ்ட் தொம்ஸன் சீட்டன் என்பவர் 1902 இல் ஆண்பிள்ளைகளுக்காக 'வூட்கிராஃப்ட் இந்தியன்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவருடைய கைந்நூலைப் பேடன் பவல் வாசித்தார். சாரணியத்தில் அதன் சாயல் படிந்தது. 1917 இல் பெண் சாரணியம் இலங்கைக்கு வந்தது. பிறகு கௌபோய் சினிமாவும் சேர்ந்துகொண்டது. எங்கள் டீச்சர் எந்தக் கெடுதலும் நினைக்கவில்லை. கோழி இறகு கிடைத்தது, குத்தினார்.

பூர்வகுடிகளின் சமயச் சுதந்திரத்தை உறுதிசெய்யும் சட்டம் 1978 இல்தான் வந்தது. விடுதிப் பாடசாலைகள் பற்றி அமெரிக்க உள்துறை நடத்திய விசாரணை, 973 பிள்ளைகளேனும் அவற்றில் இறந்திருப்பதாக 2024 ஜூலையில் அறிவித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஜனாதிபதி பைடன் மன்னிப்புக் கோரினார்.

கார்லைலில் ஒரு மையவாடி இருக்கிறது. வீடு திரும்பாத பிள்ளைகளின் கல்லறைகள் அங்கு வரிசையாக நிற்கின்றன. சில கற்களில் பெயரே இல்லை. 2015 இல் தென் டகோட்டாவின் ரோஸ்பட் ஒதுக்கு நிலத்து இளைஞர் சிலர் வொஷிங்டனில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் அங்கு இறங்கினார்கள். இவர்களை ஏன் நாம் வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று பெரியவர்களிடம் கேட்டார்கள். ஆறு ஆண்டுகள் கடிதமும் பேச்சுமாகக் கழிந்தன. 2021 ஜூலையில், கோடையில், ஒன்பது பிள்ளைகளின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டு ரோஸ்பட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன.