ஒரு புழுவின் ஆயுள் கணக்கு

1825-ல் லண்டனில் பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் என்ற காப்பீட்டுக் கணித நிபுணர் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். வயது ஏற ஏற மனிதன் இறக்கும் வாய்ப்பு சீராகக் கூடுவதில்லை, கூட்டு வட்டி போல் பெருகுகிறது! பிரீமியம் கணக்கிட உதவிய இந்த விதி, பின்னாளில் ஒரு புழுவின் ஆராய்ச்சியிலும் பயன்பட்டது.

அந்தப் புழு சி. எலிகன்ஸ். ஒரு மில்லிமீட்டர் நீளம், இரண்டு மூன்று வாரங்களே ஆயுள். கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் இதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, 1974-ல் இதன் மரபியலை வெளியிட்டார்.

முதுமைக்குப் பல மரபணுக்கள் காரணம், ஒன்றை மாற்றினால் பெரிதாக எதுவும் நடக்காது என்றே அன்று பலரும் நினைத்தனர். 1983-ல் மைக்கேல் கிளாஸ் நீண்ட நாள் வாழும் புழுக்களைப் பிரித்தெடுத்தார். அவை குறைவாக உண்பதே இதற்குக் காரணம் என்று பெரும்பாலும் கருதினார். அந்தப் புழுக்கள் தாமஸ் ஜான்சனிடம் வந்தன. 1988-ல் அவரும் டேவிட் ஃப்ரீட்மேனும் 'ஏஜ்-1' என்ற ஒரே மரபணுவைச் சுட்டிக்காட்டினர். 1990-ல் ஜான்சன் கோம்பர்ட்ஸ் விதியைப் போட்டுப் பார்த்தார். இந்தப் புழுக்களில் இறப்பு விகிதம் பெருகும் வேகமே குறைந்திருந்தது. அதாவது, வட்டி விகிதமே இறங்கிவிட்டது!

1993-ல் சான் பிரான்சிஸ்கோவில் சிந்தியா கென்யனின் குழு 'டாஃப்-2' மரபணு மாறிய புழுக்கள் இரு மடங்குக்கும் மேல் வாழ்வதைக் கண்டது. 1997-ல் கேரி ருவ்குனின் குழு, அந்த மரபணு மனித உடலின் இன்சுலின் ஏற்பி போன்ற ஒன்றை உருவாக்குகிறது என்று காட்டியது. புழுக் கதை அப்போதுதான் மனிதக் கதையாகவும் ஆனது.

சரி, நீண்ட ஆயுள் இவ்வளவு எளிது என்றால் இயற்கை ஏன் அதைத் தரவில்லை? 2000-ல் வெளியான ஓர் ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. ஏஜ்-1 புழுக்களையும் சாதாரணப் புழுக்களையும் ஒன்றாக வளர்த்தார்கள். உணவு தாராளமாகக் கிடைத்தபோது இரண்டும் சமமாகவே இருந்தன. இடையிடையே பட்டினி போட்டதும், சில தலைமுறைகளிலேயே ஏஜ்-1 புழுக்கள் எண்ணிக்கையில் சரிந்தன.

வரவு என்று ஒன்று இருந்தால் செலவும் இருக்கும். ஆய்வுக்கூடத்தின் தட்டில் மறைந்திருந்த அந்தச் செலவு, பசி வந்தபோதுதான் வெளியே தெரிந்தது. மனித ஆயுளை நீட்டிக்க ஆசைப்படுவோர் இந்தக் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும், இல்லையா?