எழுவாய்–வினை இயைபு: ஆங்கிலப் பாடமும் திருச்சுழி வட்டாரமும்

எழுவாய் எந்த எண்ணிலும் எந்த இடத்திலும் நிற்கிறதோ, அதற்கேற்ற வடிவில் வினைச்சொல் அமைவது எழுவாய்–வினை இயைபு எனப்படும். ஆங்கிலத்தில் இதன் பரப்பு மிகச் சிறியது. நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமை எழுவாய் வந்தால் வினையின் ஈற்றில் ‘எஸ்’ சேரும். ‘ஹேவ்’ என்பது ‘ஹேஸ்’ ஆகும். ‘பி’ என்னும் வினை மட்டும் ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் என ஐந்து வடிவங்களாகப் பிரியும். கேன், வில், மஸ்ட் போன்ற துணைவினைகள் எந்த எழுவாய்க்கும் அசைவதில்லை. இறந்தகாலத்தில் ‘பி’ தவிர வேறெதுவும் மாறுவதில்லை. விதி இவ்வளவே. ஆயினும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துத் தமிழ்வழிப் பிள்ளைகள் ஆங்கிலம் எழுதும்போது ஆண்டுக்கணக்கில் விடாமல் தொடரும் பிழை இதுதான். விதி தெரியாததால் வரும் பிழை என்று இதைக் கொள்வது பொருந்தாது. தமிழில் இயைபு செயல்படும் முறையே, அதிலும் கரிசல் காட்டுப் பேச்சில் அது செயல்படும் முறையே, இதற்குப் பெருங்காரணம்.

தமிழ் இலக்கண மரபில் இயைபு

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம் இயைபைப் பற்றியதே. எழுத்தும் புணர்ச்சியும் முடிந்து சொல்லுக்கு வந்தவுடன் தொல்காப்பியர் வேற்றுமையையோ வினையின் காலத்தையோ முதலில் எடுக்கவில்லை. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து முடியும் என்பதையே எடுக்கிறார். மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை என்று பிரித்து, உயர்திணையில் ஆண்பால், பெண்பால், பலர்பால், அஃறிணையில் ஒன்றன்பால், பலவின்பால் என ஐந்து பால்களையும் அவற்றுக்குரிய ஈறுகளையும் வகுத்தபின், பெயரின் பாலும் வினையின் பாலும் தம்முள் மயங்கக் கூடாது என்கிறார். இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடர் எனச் சொல்லதிகாரத்துக்கு உரை கண்டவர் அனைவரும் கையாண்ட பகுதி இது.

மயங்கக் கூடாது என்று சொன்னதோடு தொல்காப்பியர் நிற்பதில்லை. மயங்கும் இடங்களை ஆராயும் பகுதிகளில்தான் அவரது நுட்பம் தெரிகிறது. சாத்தன் என்னும் பெயர் மனிதனுக்கும் உண்டு, எருதுக்கும் உண்டு. ‘சாத்தன் வந்தான்’ என்றால் மனிதன், ‘சாத்தன் வந்தது’ என்றால் எருது. பெயர் சொல்லாததை வினை சொல்லிவிடுகிறது. தூரத்தில் வருவது ஆணா பெண்ணா என்று தெரியாதபோது பன்மை ஈற்றால் சொல்ல வேண்டும் என்பதும், நிற்பது மனிதனா மரக்கட்டையா என்று தெரியாதபோது ‘உருவு’ போன்ற பொதுச்சொல்லால் சொல்ல வேண்டும் என்பதும் கிளவியாக்கத்திலேயே வகுக்கப்பட்டுள்ளன. பாலறியா ஒருவரை ஆங்கிலத்தில் ‘தே’ என்று பன்மையால் சுட்டலாமா என்று அம்மொழியின் இலக்கணக்காரர்கள் நெடுங்காலம் வழக்காடினர். தொல்காப்பியம் அதையொத்த ஒரு சிக்கலைப் பன்மையாலேயே தீர்த்து வைத்திருக்கிறது.

மதிப்பின் பொருட்டு ஒருவரைப் பன்மையால் சொல்வதும் தொல்காப்பியருக்குத் தெரியும். அது வழக்கில் உள்ள உயர்வுச் சொல் என்று ஒப்புக்கொண்டு, ஆனால் இலக்கண நெறி அன்று என்று விலக்கி வைக்கிறார். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பொதுவியலில் இதை இன்னும் விரிக்கிறார். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வகை வழுக்களைச் சொல்லி, மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகிய உணர்ச்சிகளால் திணையும் பாலும் மாறுவதை வழுவமைதி என்று ஏற்கிறார். ஆசையாகப் பசுவை ‘அம்மா வந்தாள்’ என்பதும், கோபத்தில் மனிதனை ‘அது வந்தது’ என்பதும் பிழையல்ல. பிழைக்கும் வழக்குக்கும் நடுவே ஓர் இடம் வைத்த இந்த வகைப்பாடு, பிழை என்று சிவப்பு மையால் சுழிப்பதை மட்டுமே அறிந்த பள்ளி ஆங்கில இலக்கணத்தைவிடப் பண்பட்டது. ஆனால் ஆங்கில வகுப்புக்குள் அது நுழைவதில்லை. ஒரே பள்ளியில் தமிழாசிரியர் வழுவமைதி நடத்திக்கொண்டிருக்க, அடுத்த அறையில் ‘சிங்குலருக்கு எஸ் போடு’ என்ற குரல் கேட்கும்.

ஆங்கில ஈற்றின் வரலாறு

பழைய ஆங்கிலத்தில் ஒருமையின் மூன்று இடங்களுக்கும் தனித்தனி ஈறுகளும் பன்மைக்குப் பொதுவான ஓர் ஈறும் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்தன. படர்க்கை ஒருமைக்குத் தெற்கு இங்கிலாந்தில் ‘எத்’ என்ற ஈறும் வடக்கே ‘எஸ்’ என்ற ஈறும் வழங்கின. 17ஆம் நூற்றாண்டில் வடக்கத்தி ஈறு வென்றது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியம் பழைய ‘எத்’ ஈற்றையே காத்து நின்றதால், மிஷன் பள்ளிகளில் படித்தவர்கள் இரண்டையும் கேட்டிருப்பார்கள். கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதிப் பேச்சில் ‘ஹி கோ’ என்று ஈறில்லாமலே சொல்லும் வழக்கு உண்டு. எஞ்சிய ஒற்றை ஈற்றுக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்கத் தோன்றும். பொருளுக்கு அதனால் அதிகப் பயனில்லை. எழுதுபவரின் படிப்பைக் காட்டும் அடையாளமாகவே அது வாழ்கிறது.

இந்த வட்டாரத்துக்கு ஆங்கிலப் பாடம் வந்த வழி

1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன், கிராமங்களில் பள்ளிகளை நடத்தியது. திருச்சுழிக்கு அருகிலுள்ள மண்டபசாலை அதன் நிலையங்களில் ஒன்று. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றி மெட்ரிகுலேஷன் தேர்வு வந்தபின், ஆங்கில இலக்கணம் அரசு உத்தியோகத்தின் வாசலாயிற்று. அக்காலத்தில் பரவலாக வைக்கப்பட்ட பாடநூல்களில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் பெயினின் ஆங்கில இலக்கணமும் ஒன்று. அதன் முதல் பதிப்பு 1863இல் வந்தது. பெயின் இலக்கணத்தைவிட உளவியலுக்காகவே அதிகம் அறியப்பட்டவர். 1876இல் ‘மைண்ட்’ என்ற தத்துவ இதழைத் தொடங்கியவர்.

பெயினின் இலக்கண நூல் இவ்வட்டாரத்தின் வரலாற்றில் எதிர்பாராத ஓர் இடத்தைப் பிடித்தது. 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், உள்ளூரிலும் திண்டுக்கல்லிலும் படித்துவிட்டு, தந்தை இறந்தபின் மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கி, ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார். பாடம் படிக்காமல் வந்ததற்காக, பெயினின் இலக்கணத்திலிருந்து ஒரு பாடத்தை மூன்று முறை எழுதி வரும்படி அவருக்குத் தண்டனை கிடைத்தது. 1896 ஆகஸ்ட் 29 அன்று இருமுறை எழுதியவர், மூன்றாம் முறையை எழுதாமல் புத்தகத்தை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். அண்ணன் கடிந்து பேசியதும் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார். அவரே ரமண மகரிஷி.

அவர் விட்டுச்சென்ற தமிழ்க் கடிதம் இயைபு பற்றிய கட்டுரையில் இடம்பெறத் தக்கது. முதல் வாக்கியத்தின் எழுவாய் தன்மை ஒருமை. வினையும் தன்மை ஒருமை. அடுத்த வாக்கியத்திலேயே எழுதுபவர் தம்மை ‘இது’ என்று சுட்ட, வினை அஃறிணை ஒருமையில் முடிகிறது. கடிதத்தின் அடியில் கையெழுத்து இல்லை. கிளவியாக்கத்தின் கண்ணால் பார்த்தால் இடமும் திணையும் ஒருசேர மாறியிருக்கின்றன. ஆனால் எந்த வாக்கியத்திலும் எழுவாயும் வினையும் பிணங்கவில்லை.

வட்டாரப் பேச்சும் பிழையின் வேர்களும்

பிள்ளைகள் எழுதும் பிழைகளில் முதன்மையானது ‘தி பாய்ஸ் ப்ளேஸ்’ என்பது. தமிழில் ‘பையன்கள் விளையாடுகிறார்கள்’ என்னும்போது ‘கள்’ பெயரிலும் வருகிறது, வினையிலும் வருகிறது. இவ்வட்டாரப் பேச்சில் ‘ஆடுக மேயுதுக’ என்று அஃறிணை வினைகூட அந்த ஈற்றை வாங்கிக்கொள்வதுண்டு. ஆங்கிலத்திலோ பெயரில் வரும் ‘எஸ்’ பன்மையைக் காட்ட, வினையில் வரும் ‘எஸ்’ ஒருமையைக் காட்டுகிறது. ஒரே ஒலி, நேர்மாறான வேலை. பன்மைப் பெயருக்குப் பன்மை ஈறு என்று தாய்மொழி கற்றுத் தந்த நியாயத்தைப் பிள்ளை ஆங்கிலத்துக்கும் நீட்டுகிறது. இதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது.

இரண்டாவது வேர் எதிர்மறையில் இருக்கிறது. தமிழ் வினை எங்கும் இயையும் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், ‘வரவில்லை’ என்பது இயைவதில்லை. நான் வரவில்லை, அவன் வரவில்லை, ஆடுகள் வரவில்லை என எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். அதனால்தான் ‘ஹி டோன்ட் கம்’ என்பது பிள்ளையின் காதுக்கு உறுத்துவதில்லை. ‘வேண்டும்’, ‘முடியும்’ என்பனவும் இப்படியே. ‘வரும்’ என்ற வடிவம் அதுவுக்கும் அவைக்கும் பொது.

மரியாதை மூன்றாவது. கரிசல் பக்கம் ‘எங்கய்யா வந்தாக’, ‘டீச்சர் சொன்னாக’ என்பது சாதாரணப் பேச்சு. தகப்பனாரைப் பன்மை ஈறின்றிச் சொன்னால் வீட்டில் அடி விழும். ‘மை ஃபாதர் ஆர்’ என்று எழுதும் பிள்ளை ஆங்கிலத்தில் தவறினாலும் வீட்டில் கற்றதில் தவறவில்லை. இதற்கு மறுபுறம், சின்னஞ்சிறு பிள்ளைகளை ‘அது வந்துச்சு’ என்று பாசத்தோடு அஃறிணையில் சொல்வதும் இங்கு உண்டு. வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் கணிசம். தெலுங்கில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒருமையில் வினை ஈறு ஒன்றே. அப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது இயைபு முறை.

நான்காவது, சொற்களின் வரிசை. ‘ஒன் ஆஃப் தி வீவர்ஸ் இஸ்’ என்பது தேர்வுத்தாள்களின் நிரந்தர விருந்தாளி. தமிழில் ‘நெசவாளர்களில் ஒருவர்’ என்னும்போது தலைமைச் சொல்லான ‘ஒருவர்’ கடைசியில், வினைக்குப் பக்கத்தில் நிற்கும். ஆங்கிலத்தில் அது முன்னே போய்விட, வினைக்கு முன்னால் ‘வீவர்ஸ்’ என்ற பன்மை வந்து நிற்கிறது. பிள்ளை பக்கத்தில் நிற்பதோடு வினையைச் சேர்த்துவிடுகிறது. ‘தி ப்ரைஸ் ஆஃப் தி ஃப்ளவர்ஸ்’ என்பதும் இதே கண்ணி. ‘பூக்களின் விலை’ என்று தமிழாக்கி, கடைசிச் சொல் எது என்று பார்த்தால் அவிழ்ந்துவிடும். ‘எவ்ரிபடி’ ஒருமை வினை பெறுவதும், ‘எல்லாரும்’ பன்மை வினை பெறுவதும் தனியே மனத்தில் கொள்ள வேண்டியவை.

பயிற்சி முறைகள்

பெயின் காலத்து முறை விதியை ஒப்பித்தலும் இம்போசிஷன் எழுதுவதும். 1930களில் வெளிவந்த ரென்–மார்ட்டின் இலக்கணம் விதிக்குக் கீழே பயிற்சி வாக்கியங்களை அடுக்கும் முறையை நிலைநிறுத்தியது. கோடிட்ட இடத்தை நிரப்பும் பழக்கம் இன்றைய கைடு வரை அதன் வழியில் நடக்கிறது. இந்திய விடுதலைக்குப் பின் சென்னை மாநிலத்தில் வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக அடுக்கிச் சொல்லவைக்கும் அமைப்பு முறை பரவியது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரை மையமாகக் கொண்டு நடத்திய திட்டம் இதற்கு மாறானது: மாணவர் மனம் பொருளில் இருக்கும்போதே இலக்கணம் படிகிறது என்று கருதி, விதியைச் சொல்லாமல் பணிகளைக் கொடுத்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளிடமே இந்த ‘எஸ்’ பிந்தி வருவதை ரோஜர் பிரௌன் 1973இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. முதல் சில ஆண்டுகளில் இதற்கு மதிப்பெண் குறைப்பது வீண் வேலை.

இவ்வட்டாரத்துக்குப் பொருந்தும் பயிற்சி இரு மொழியையும் பக்கத்தில் வைப்பதே. ஆடு, தறி, கண்மாய், மல்லிகைப் பூ, பஸ் என்று பிள்ளைக்குத் தெரிந்தவற்றை எழுவாயாக்கி, முதலில் வாய்மொழியில் ஒருமை பன்மையை மாற்றிச் சொல்லவைப்பது, ‘எஸ்’ பெயரில் இருந்தால் வினையில் இல்லை, வினையில் இருந்தால் பெயரில் இல்லை என்ற தோராய விதியை அப்போது தருவது, ‘டஸ்’ வந்தால் அதுவே ‘எஸ்’ஸை வாங்கிக்கொள்வதால் அடுத்த வினைக்கு அது மிச்சமில்லை என்று காட்டுவது, நீண்ட எழுவாயைத் தமிழாக்கித் தலைமைச் சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்வது. தோராய விதி ‘சில்ட்ரன்’, ‘நியூஸ்’, ‘பஸ்’ ஆகிய சொற்களில் உடையும். உடையும் இடத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்தால் நல்லது.

இன்றைய நிலை

1985இல் இவ்வட்டாரம் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் சேர்ந்தது. அரசுப் பள்ளிகளில் 2012–13 தொடங்கி ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்துள்ளன. 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்பு ஆங்கிலமும் அடங்கும். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் பொது ஆங்கிலம் என்ற விருப்பம் நீங்கித் தமிழ் கட்டாயமானபின், பள்ளி முடித்தவர்கள் இயைபைப் பயில்வது பெரும்பாலும் வங்கித் தேர்வுகளிலும் மத்தியப் பணியாளர் தேர்வுகளிலும் வரும் பிழை கண்டுபிடிக்கும் வினாக்களுக்காகவே.