அல்தியா கிப்சன்: எமது தீவுக்கும் வந்துசென்ற வீராங்கனை

எமது கல்லூரியின் மைதானத்துக் கதைகள் இம்மலரின் ஏனைய பக்கங்களில் நிறையவே உள்ளன. நாம் இங்கே நினைவுகூர விரும்புவது, எமது கல்லூரியோடு தொடர்பேதும் இல்லாவிடினும் ஒருமுறை இலங்கை மண்ணை மிதித்துச் சென்ற ஒரு பெண்ணை. விம்பிள்டனை வென்ற முதலாவது கறுப்பினத்தவரான அல்தியா கிப்சன்தான் அவர்.

ஐக்கிய அமெரிக்காவின் தென் கரோலினாவில், பருத்தி விளைந்த சில்வர் என்னும் சிற்றூரில் 1927 ஓகஸ்ட் 25ஆம் திகதி அவர் பிறந்தார். குடும்பம் பிழைப்புத் தேடி நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டுத் தெருவில் திரிந்த பிள்ளை அவர். படிப்பையும் இடையிலேயே விட்டுவிட்டார். தெருவிலே மட்டைப் பந்தாடிப் பழகிய கைதான் பின்னர் டென்னிஸ் மட்டையைப் பிடித்தது.

கறுப்பின வைத்தியர்களான ஹியூபர்ட் ஈட்டனும் றொபர்ட் ஜோன்சனும் 1946இல் அவரது ஆட்டத்தைக் கண்டார்கள். பள்ளிக் காலத்தில் ஈட்டன் வீட்டிலும் கோடையில் ஜோன்சன் வீட்டிலும் தங்கவைத்துப் பிள்ளைபோற் பார்த்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: விட்ட படிப்பை முடிக்கவேண்டும். பத்தொன்பது வயதில், தன்னைவிட இளைய பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! 1949இல் உயர்பள்ளியையும் 1953இல் புளோரிடாவில் பல்கலைக்கழகப் படிப்பையும் நிறைவுசெய்தார். அவரது வெற்றிக்கிண்ணங்களைவிட இந்தப் பகுதியே எம்மை அதிகம் தொடுகிறது.

கறுப்பினத்தவருக்கான போட்டிகளில் 1947 முதல் பத்து வருடங்கள் தொடர்ந்து அவரே சம்பியன். எனினும் அமெரிக்கத் தேசிய சம்பியன் போட்டியின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. 1950 யூலையில் முன்னாள் சம்பியன் அலிஸ் மார்பிள் ஒரு டென்னிஸ் சஞ்சிகையில் இந்த அநீதியைக் கண்டித்து எழுதினார். வெள்ளையரான அவர் தம் இனத்தவரையே பார்த்துக் கேட்ட கேள்வி என்பதால் அதற்கு வலு இருந்தது. அடுத்த மாதமே அழைப்பு வந்தது.

இரண்டாஞ் சுற்றில் விம்பிள்டன் சம்பியன் லூயிஸ் புறோவை எதிர்கொண்டார். மூன்றாவது செற்றில் 7–6 என்று அல்தியா முன்னின்ற வேளை இடியுடன் பெருமழை. மைதானத்தின் உச்சியிலிருந்த கழுகுச் சிலை ஒன்று மின்னல் தாக்கி வீழ்ந்தது. மறுநாள் ஆட்டம் தொடர்ந்தபோது சில நிமிடங்களிலேயே 9–7 எனத் தோற்றுப்போனார்.

பின்வந்த வருடங்கள் சோர்வானவை. டென்னிசைக் கைவிட்டு இராணுவத்தில் சேரவும் எண்ணியிருந்தார். அப்போதுதான் 1955இல், அமெரிக்க அரசின் நல்லெண்ணப் பயணக் குழுவில் இடம் கிடைத்தது. பர்மா, இந்தியா, பாகிஸ்தான், தாய்லாந்து, அன்றைய சிலோன் எனப் பயணம் நீண்டது. தம்மைப் போன்ற நிறமுடைய ஒருத்தி அமெரிக்கக் கொடியின் கீழ் ஆடுவதைக் கண்ட மக்கள் அவரை அன்போடு வரவேற்றனர். உள்ளூரில் கிடைக்காத மரியாதை கடல்கடந்து கிடைத்தது. இழந்த நம்பிக்கை இப்பயணத்திலேதான் மீண்டது.

1956இல் பிரெஞ்சு சம்பியன் பட்டம் அவரிடம் வந்தது. 1957இல் விம்பிள்டன் இறுதியாட்டத்தில் டார்லின் ஹார்டை 6–3, 6–2 என வென்று இரண்டாம் எலிசபெத் மகாராணியாரின் கையால் பரிசு பெற்றார். அதே வருடம் அமெரிக்கப் பட்டம். இறுதியில் தோற்றவர் அதே லூயிஸ் புறோ! 1958இல் இரண்டையும் தக்கவைத்தார். ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் எல்லாமாகப் பெரும் பட்டங்கள் பதினொன்று.

அக்காலத்தில் டென்னிஸ் ஆடியவர்களுக்குப் பணப்பரிசு கிடையாது. கிண்ணங்கள் அலுமாரியில் இருந்தன, வருமானம் இல்லை. ஆட்டத்தை விட்டுப் பாடினார், திரைப்படத்தில் நடித்தார். 1964இல் கொல்ஃப் தொழில்முறைச் சுற்றில் முதல் கறுப்பினப் பெண்ணாக இணைந்தார். சில கழகங்கள் உடைமாற்றும் அறையைக்கூட மறுத்ததால் காருக்குள்ளேயே சப்பாத்து மாற்றவேண்டியிருந்தது.

முதுமையில் பக்கவாதமும் வறுமையும் சேர்ந்தன. மருந்துக்கும் வாடகைக்கும் வழியற்ற நிலையில், 1956இல் தன்னுடன் இரட்டையர் ஆடிய ஆங்கிலேய யூதத் தோழி அஞ்செலா பக்ஸ்ரனைத் தொலைபேசியில் அழைத்தார். அஞ்செலா டென்னிஸ் உலகுக்குச் செய்தி அனுப்பவே, பல நாடுகளிலிருந்தும் பணம் வந்து குவிந்தது. அல்தியா 2003 செப்டெம்பர் 28ஆம் திகதி காலமானார்.

2019இல் நியூயோர்க் டென்னிஸ் அரங்கின் வாசலில் அவரது சிலை திறக்கப்பட்டபோது, 85 வயதான அஞ்செலாவும் அங்கே வந்திருந்தார்.