ஆமிஷ் மக்கள்: சமய நம்பிக்கையும் அன்றாட வாழ்வும்

ஆமிஷ் மக்கள் வட அமெரிக்காவில் வாழும் ஒரு கிறித்தவச் சமயக் குழுவினர். 1525-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் எழுந்த அனபாப்டிஸ்ட் இயக்கத்தில் இருந்து வந்தவர்கள். விவரம் அறியாக் குழந்தைக்குத் தரும் ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்தவர் தாமே விரும்பிப் பெறுவதே செல்லும் என்று சொன்னதற்காக அந்த இயக்கத்தாரை ஆற்றில் அமிழ்த்தியும் தீயிலிட்டும் கொன்றார்கள். 1693-இல், சபையிலிருந்து விலக்கப்பட்டவரோடு பந்தியும் புழக்கமும் கூடாது என்று வலியுறுத்திய யாக்கோப் அம்மான் தனியே பிரிந்தார். அவர் வழிவந்தோரே ஆமிஷ். 18ஆம் நூற்றாண்டில் இவர்கள் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயரத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் எஞ்சியிருந்த கடைசிச் சபை 1937-இல் அதே இயக்கத்தின் வழிவந்த மெனோனைட் சபையோடு கலந்துவிட்டது. இன்று பென்சில்வேனியா, ஒஹாயோ, இண்டியானா மாநிலங்களில்தான் இவர்கள் மிகுதி. மொத்தத் தொகை மூன்றரை லட்சத்துக்கும் மேல்.

குதிரை வண்டி, விளக்குத் திரி, மீசையில்லாத் தாடி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, காலம் மாறியது தெரியாமல் தேங்கிப்போன கூட்டம் என்று இவர்களை எண்ணுவோர் பலர். இது தவறான மதிப்பீடு. ஆமிஷ் சபைகள் புதுப் பொருள் ஒவ்வொன்றையும் கூடிப் பேசியே கொள்கின்றன அல்லது தள்ளுகின்றன. ஒரு வட்டாரச் சபையில் ஏறத்தாழ இருபத்தைந்து முதல் நாற்பது குடும்பங்கள் இருக்கும். ஆண்டுக்கு இரு முறை நடக்கும் திருவிருந்துக்கு முன்பு உறுப்பினர் எல்லோரும் கூடி, ‘ஓர்ட்னுங்’ எனப்படும் வாழ்க்கை ஒழுங்குக்கு இசைவு தெரிவிக்க வேண்டும். அந்த இசைவு கிடைக்காத சபையில் திருவிருந்தே தள்ளிப்போகும். தொலைபேசி இதற்கு நல்ல சான்று. 1910-ஐ ஒட்டி லங்காஸ்டர் வட்டார ஆமிஷ்கள் வீட்டுக்குள் தொலைபேசி கூடாதென்று முடிவெடுத்தார்கள். ஆனால் மருத்துவரை அழைக்கவும் வியாபாரத்துக்கும் அது தேவைப்பட்டது. அதனால் பிற்பாடு, வயலோரத்திலோ பாதை முனையிலோ சிறு மரக்கூண்டு கட்டி, சில குடும்பங்கள் பொதுவாகப் பயன்படுத்த இசைந்தார்கள். பேச வேண்டியவர் கூண்டுவரை நடந்துபோய்ப் பேசிவிட்டு வரவேண்டும். கருவி மறுக்கப்படவில்லை, சாப்பாட்டு வேளையில் குடும்பத்தின் நடுவே அது ஒலிப்பதுதான் மறுக்கப்பட்டது.

கார் வைத்துக்கொள்ளாதவர் வாடகைக் காரில் ஏறுவது போலித்தனம் அல்லவா என்று கேட்பதுண்டு. மின்கம்பி இணைப்பை ஒதுக்கிய தச்சுப் பட்டறையில் டீசல் எஞ்சின் ஓட, அழுத்தக் காற்றால் இயந்திரங்கள் இயங்குகின்றனவே என்றும் கேட்பார்கள். பொருளே பாவம் என்பது அவர்கள் கொள்கையாக இருந்தால் இந்தக் கேள்வி சரி. அவர்கள் அளவுகோல் வேறு: இது அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் தேவைப்படும் நிலையைக் குலைக்குமா? சொந்தக் கார் இருந்தால் சபையார் தூரந்தொலைவில் சிதறுவார்கள். எப்போதாவது அமர்த்தும் காரால் அது நேராது. அரசின் முதியோர் காப்பீட்டையும் இதே காரணத்தால் மறுத்தார்கள். முதியவரைப் பேணுவது குடும்பத்துக்கும் சபைக்கும் உரிய கடமை என்பது அவர்கள் நம்பிக்கை. சுயதொழில் செய்யும் ஆமிஷ்களுக்கு 1965-இல் அந்தக் காப்பீட்டுக்கான வரியிலிருந்து விலக்கு கிடைத்தது. கொட்டில் எரிந்தால் ஊரே திரண்டு புதிதாகக் கட்டித்தருவதும் அதே கடமைதான்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது தன்முனைப்பைக் கைவிட்டுக் கடவுளுக்கும் சபைக்கும் பணியும் ‘கெலாசன்ஹைட்’ என்ற பண்பு. போதகரைத் தேர்ந்தெடுக்கும் முறையில் அதைக் கண்கூடாகக் காணலாம். சபையார் முன்மொழிந்தவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பாட்டுப் புத்தகங்களை வரிசையாக வைப்பார்கள். ஒன்றினுள் மட்டும் வேதவசனம் எழுதிய துண்டுச்சீட்டு இருக்கும். ஆளுக்கொன்றாக எடுப்பார்கள், சீட்டு யாருடைய புத்தகத்தில் இருக்கிறதோ அவர் அந்தக் கணமே போதகர். சம்பளம் இல்லை, இறையியல் படிப்பு இல்லை, பொறுப்போ ஆயுளுக்கும். கோயில் கட்டிடமும் கிடையாது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வீடுகளிலோ கொட்டிலிலோ வழிபாடு. இப்பண்பின் ஆழத்தை உலகம் அறிந்தது 2006 அக்டோபர் 2 அன்று. பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் என்ற ஊரில், ஒற்றை அறை ஆமிஷ் பள்ளியில் ஒருவன் பத்துச் சிறுமிகளைச் சுட்டுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டான். ஐந்து சிறுமிகள் இறந்தார்கள். அன்றே ஆமிஷ்கள் சிலர் கொன்றவனின் குடும்பத்தாரைத் தேடிச்சென்று ஆறுதல் சொன்னார்கள். அவன் அடக்கத்துக்கும் திரளாகப் போனார்கள். ஆண்டாண்டாக அன்றாடம் பயின்ற பணிவு இல்லாமல் ஒரே நாளில் இது வாய்த்திருக்காது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கொலைகாரனை மன்னிக்கும் சபை, வெளியேறிய சொந்த மகனோடு ஒரே மேசையில் உண்ண மறுக்கலாமா? ஞானஸ்நானம் பெறுமுன் விலகுபவருக்கு அந்த விலக்கு இல்லை. சபைமுன் வாக்குக் கொடுத்துவிட்டு மீறியவருக்கே உண்டு. அறிக்கையிட்டுத் திரும்பினால் அவரையும் சேர்த்துக்கொள்வார்கள். எனவே விலக்கு, கொடுத்த வாக்கின் கனத்திலிருந்து வருவது. ஆனால் அந்த வாக்கைக் கொடுக்கும் இளைஞருக்கு வேறு வழி உண்மையில் திறந்திருந்ததா என்பதற்கு இவ்விளக்கம் போதாது. எட்டாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு முடிந்துவிடுகிறது. விஸ்கான்சின் அரசு இதை எதிர்த்த வழக்கில், 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும், பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்டாக வேண்டும் என்று ஒரு பகுதியில் மாறுபட்டார். ஆமிஷ் வாழ்வின் பிற குறைகளுக்கு அவர்களிடம் நேர்மையான விடை இருக்கிறது. டக்ளஸ் எழுப்பிய கேள்விக்கு இன்னும் இல்லை.