மைதானத்திலிருந்து வேலைக்கு: மரக்காணம் கரையும் உடற்கல்விப் படிப்பும்

மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து விளையாட்டையே மேற்படிப்பாக எடுக்கக் கிளம்புபவருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை இரண்டு திசைகளைக் காட்டுகிறது. தெற்கே காலாப்பட்டில் 1985இல் உருவான புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறை, வடக்கே சென்னை. இவற்றில் சென்னையின் வரலாறே மூத்தது. இந்தப் படிப்பு எந்த வேலைக்கு என்ற எண்ணம் உருவானதும் அங்கேதான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் டிரில்தான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் அதட்டிச் சொல்ல, பிள்ளைகள் கை கால் அசைப்பார்கள். இதை மாற்ற, அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். பின்னாளில் அது அடையாற்றங்கரையில் நந்தனத்தில் நிலைபெற்றது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியுடன் சென்றவரும் அவரே. ஆனால் அவர் கல்லூரியின் முதன்மை நோக்கம் வீரர்களை அல்ல, ஆசிரியர்களை உருவாக்குவது.

அதனால் பேச்சும் பாடமாயிற்று. உடற்கல்வி மாணவர் ஒரு வகுப்பை நிறுத்தி வைத்து நடத்திக் காட்டியாக வேண்டும். கட்டளையின் முற்பகுதி என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லும். பிறகு சிறு இடைவெளி. கடைசிச் சொல்லில் நாற்பது பேரும் ஒன்றாக அசைய வேண்டும். இடைவெளி தவறினால் வரிசை குலையும். பி.பி.எட். என்னும் உடற்கல்விப் பட்டப்படிப்பின் செய்முறைத் தேர்வில் இந்தத் திறமை இன்றும் சோதிக்கப்படுகிறது. ஆனால் வேலைக்கான நேர்காணல் மேசைக்கு எதிரே தன்னைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவது வேறு கலை. அதற்கு இவ்வளவு பயிற்சி கிடைப்பதில்லை.

வேலை வாய்ப்பும் நெடுங்காலம் பி.டி. மாஸ்டர் பதவியையே சுற்றியது. களத்தில் ஆடுபவருக்கு ரயில்வே இருந்தது, அதன் விளையாட்டு வாரியம் 1928ஐச் சேர்ந்தது. பயிற்சியாளராக விரும்பியவர்களுக்கு 1961இல் பாட்டியாலாவில் ஒரு பயிற்சி நிறுவனம் வந்தது. அரசுப் பணிகளின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் பல்கலைக்கழக அணியில் ஆடியதற்கான ‘ஃபார்ம் 3’ சான்றிதழ் பயன்படுகிறது. கோப்பையைப் பத்திரமாக வைத்துவிட்டு இந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் விடுவது உண்மையான இழப்பு. மழைக்காலத்தில் உப்பளம் முடங்கிக் கூலி நின்றுபோகும் கரையில், மாதச் சம்பளத்தின் அருமையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் அமைந்தது. மேலக்கோட்டையூரிலுள்ள அதன் வளாகத்தில் ஆசிரியப் பயிற்சியோடு விளையாட்டு மேலாண்மை, உளவியல் போன்ற துறைகளும் வளர்ந்தன. இதற்கு முன்பே ஊர்த் திடல்களின் கபடி 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாயிற்று. 2014இல் ப்ரோ கபடி லீக் தொடங்கியது. 2017இல் தமிழ் தலைவாஸ் அணி சேர்ந்த அதே ஆண்டில் தமிழ் விளையாட்டு அலைவரிசையும் வந்தது. அணி மேலாளர், உடற்தகுதிப் பயிற்சியாளர், ஆட்டப் பகுப்பாய்வாளர், தமிழ் வர்ணனையாளர் என உடற்கல்வி மாணவர் கேட்டு வாங்கக்கூடிய வேலைகள் அதன் பிறகு பெருகின.