ஒன்பதாம் நம்பர்

1955, மார்ச் 17. வியாழக்கிழமை ராத்திரி. கனடாவின் மான்ட்ரியல் நகரம்.

'ஃபோரம்' என்கிற உள்ளரங்கத்தில் சுமார் பதினைந்தாயிரம் பேர் கூடியிருக்கிறார்கள். ஐஸ் ஹாக்கி மேட்ச். உள்ளூர் அணியான கனேடியன்ஸுக்கும் அமெரிக்காவின் டெட்ராய்ட் ரெட் விங்ஸுக்கும். டெட்ராய்ட் 2-0 என்று முன்னால் இருக்கிறது. ஆனால் ஜனங்கள் மேட்ச் பார்க்க வந்த மாதிரியே தெரியவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'அந்த ஆள் வருவானா, மாட்டானா?'

வந்தார். முதல் பாதி ஆட்டம் கூட அல்ல, ஆட்டத்தின் மூன்று பாகங்களில் முதல் பாகமே பாதிதான் முடிந்திருந்தது. கோட்டு, தொப்பி சகிதம், ஆபீஸில் வேலை பார்க்கும் சில பெண்களையும் அழைத்துக்கொண்டு, நிதானமாக நடந்து வந்து தன் வழக்கமான சீட்டில் உட்கார்ந்தார் கிளாரன்ஸ் கேம்பெல். நேஷனல் ஹாக்கி லீகின் தலைவர்.

அவ்வளவுதான். முட்டை, தக்காளி, செருப்பு, கையில் என்ன கிடைத்ததோ அத்தனையும் பறந்தன. மனிதர் அசையவில்லை. சட்டையில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு மேட்சைப் பார்த்தார்.

முதல் பாகம் முடிந்தபோது ஸ்கோர் 4-1. டெட்ராய்ட் முன்னணி. அப்போது ஒருத்தன் சிரித்த முகத்தோடு கை குலுக்க வருகிறவன் மாதிரி கேம்பெல்லை நெருங்கினான். நெருங்கியவன், விட்டான் ஓர் அறை. அடுத்த சில நொடிகளில் பக்கத்திலேயே ஒரு கண்ணீர்ப்புகை குண்டு வெடித்தது. எறிந்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. இருமிக்கொண்டும் அழுதுகொண்டும் பதினைந்தாயிரம் பேர் வாசலைப் பார்த்து ஓடினார்கள். யோசித்துப் பார்த்தால், அந்தக் குண்டுதான் கேம்பெல்லைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும். அது வெடிக்காமல் இருந்திருந்தால் அவர் அங்கேயே செமத்தியாக வாங்கியிருப்பார்.

அப்படி என்னதான் செய்துவிட்டார் அந்த மனுஷர்? ஒரு விளையாட்டு வீரருக்குத் தண்டனை கொடுத்தார். அவ்வளவே. ஆனால் அந்த வீரர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

*

நமக்கு ஹாக்கி என்றால் தயான்சந்த். புல் தரை. கனடாக்காரனுக்கு ஹாக்கி என்றால் ஐஸ். காலில் கத்தி மாதிரி ஸ்கேட்ஸ், பந்துக்குப் பதில் 'பக்' என்கிற கறுப்பு ரப்பர் வட்டு, பக்கத்துக்கு ஆறு பேர். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். மோதலும் உண்டு, அடிதடியும் உண்டு. அடித்தால் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைப்பார்கள். தண்டனை முடிந்ததும் மறுபடி உள்ளே போய் ஆடலாம்!

மொரிஸ் ரிஷார் 1921-ல் மான்ட்ரியலில் பிறந்தவர். ஆங்கிலேயர்கள் வாயில் 'ரிச்சர்ட்'. சொந்த ஜனங்களுக்கு ரிஷார். அப்பா ரயில்வே பட்டறைத் தொழிலாளி. மகனும் பட்டறையில் வேலை பார்த்தவர்தான். 1942-ல் கனேடியன்ஸ் அணிக்கு வந்தபோது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அடிக்கடி எலும்பை வேறு முறித்துக்கொள்வார். 'இவன் தேறமாட்டான்' என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

தேறினார். எப்படி? 1944-ம் வருஷம் டிசம்பர் 28. அன்று பகலில் ரிஷார் வீடு மாற்றிக்கொண்டிருந்தார். சாமான்களைத் தூக்கித் தூக்கி உடம்பெல்லாம் வலி. ராத்திரி மேட்ச். 'இன்னிக்கு என்கிட்ட பெரிசா எதிர்பார்க்காதீங்கப்பா' என்கிற நிலையில்தான் களத்துக்கு வந்தார். அன்றைக்கு டெட்ராய்ட்டுக்கு எதிராக அவர் போட்டது ஐந்து கோல். மற்றவர்கள் போடுவதற்கு உதவியது மூன்று. அதே சீஸனில் ஐம்பது மேட்சில் ஐம்பது கோல். அதற்கு முன் யாரும் செய்யாத காரியம். 'ராக்கெட்' என்று பேர் வைத்தார்கள்.

முதுகில் ஒன்பதாம் நம்பர். கியூபெக் மாகாணத்தில் அன்று ஸ்கேட்ஸ் கட்டிய பொடியன்கள் எல்லோருக்கும் ஒன்பதாம் நம்பர் சட்டைதான் வேண்டும். ரோஷ் காரியே என்கிற எழுத்தாளர் இதை வைத்தே ஒரு கதை எழுதினார். தபாலில் ஆர்டர் செய்த சட்டை மாறிப்போய், எதிரி அணியான டொரான்டோவின் சட்டை வந்துசேர்ந்த ஒரு பையனின் கதை. அந்தக் கதையிலிருந்து ஒரு வரியைப் பின்னாளில் கனடா அரசாங்கம் ஐந்து டாலர் நோட்டிலேயே அச்சடித்தது. கதை அந்த அளவுக்கு நிஜம்!

*

இங்கே கொஞ்சம் அரசியல் பேசித்தான் ஆக வேண்டும்.

கியூபெக்கில் ஐந்து பேரில் நான்கு பேர் பிரெஞ்சு பேசுகிறவர்கள். ஆனால் முதலாளி? இங்கிலீஷ்காரன். மேனேஜர்? இங்கிலீஷ்காரன். மான்ட்ரியலின் பெரிய கடைக்குப் போய்ப் பிரெஞ்சில் துணி கேட்டால், கவுன்டரில் இருக்கிறவருக்குப் புரியாது. 1960-களில் மத்திய அரசு அமைத்த கமிஷன் ஒன்று, கியூபெக்கில் எந்த இனத்தவர் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று பட்டியல் போட்டது. மாகாணத்தின் பெரும்பான்மையினரான பிரெஞ்சுக்காரர்கள் கிட்டத்தட்ட அடியில் இருந்தார்கள். சொந்த ஊரிலேயே கூலிக்காரர்கள்.

அப்படிப்பட்டவர்களுக்கு வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி ஓர் ஆறுதல். ரேடியோவைத் திருகினால் 'நம்ம பையன்' இங்கிலீஷ்காரர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் கோல் போடுகிறான். அவன் அடி வாங்கினால் திருப்பி அடிக்கிறான். பட்டறையில் மேஸ்திரியை எதிர்த்துப் பேச முடியாத ஒருவனுக்கு அதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்?

கேம்பெல்லோ அதற்கு நேர்மாறு. ரோட்ஸ் ஸ்காலர்ஷிப்பில் படித்தவர். வக்கீல். ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னல். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் போர்க்குற்றவாளிகளுக்கு எதிராக வாதாடியவர். சட்டம் என்றால் சட்டம். மான்ட்ரியலில்தான் ஆபீஸ். பிரெஞ்சு மட்டும் வராது.

இரண்டு பேருக்கும் ஏற்கெனவே ஆகாது. ரிஷார் ஒரு பத்திரிகையில் பத்தி எழுதிக்கொண்டிருந்தார். 1954-ல் அதில் கேம்பெல்லை 'சர்வாதிகாரி' என்று போட்டுத் தாக்கிவிட்டார். விடுவாரா கேம்பெல்? மன்னிப்புக் கேட்க வைத்து, இனி ஒழுங்காக நடந்துகொள்வேன் என்பதற்கு ஆயிரம் டாலர் ஜாமீன் வாங்கிக்கொண்டு, பத்தியையும் நிறுத்த வைத்தார். வாயை மூடியாகிவிட்டது. கையை?

1955 மார்ச் 13, ஞாயிறு. பாஸ்டனில் மேட்ச். ஹால் லேகோ என்கிற எதிரணி ஆட்டக்காரரின் மட்டை ரிஷாரின் தலையைக் கிழித்தது. ஐந்து தையல். ரத்தத்தைப் பார்த்ததும் ரிஷாருக்கு வெறி வந்துவிட்டது. மட்டையால் லேகோவை விளாசினார். தடுத்துப் பிடித்தார் லைன்ஸ்மேன் கிளிஃப் தாம்ஸன். அவருக்கும் இரண்டு குத்து. பாஸ்டன் போலீஸ் கைது செய்யவே வந்துவிட்டது. டிரஸ்ஸிங் ரூம் வாசலில் கோச் நின்று மறித்ததால் தப்பித்தார்.

உள்ளபடி சொன்னால், தப்பு ரிஷார் மேலும் இருக்கிறது. நடுவர் மேல் கை வைத்தால் எந்த விளையாட்டும் சும்மா விடாது. அதே சீஸனில் டொரான்டோவில் இன்னோர் அதிகாரியை அறைந்து அபராதம் கட்டியவர் வேறு. தண்டனை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

மார்ச் 16. விசாரணை. தீர்ப்பு: சீஸனில் பாக்கியுள்ள மூன்று மேட்சுகளுக்கும் தடை. அதைத் தொடர்ந்து வரும் பிளே-ஆஃப் முழுவதற்கும் தடை!

இந்தப் பிளே-ஆஃபைப் புரிந்துகொண்டால்தான் தீர்ப்பின் கனம் புரியும். அப்போது லீகில் மொத்தமே ஆறு அணிகள். எழுபது மேட்ச் ஆடி, முதல் நான்கு இடம் பிடிப்பவர்கள் பிளே-ஆஃபுக்குப் போவார்கள். ஏழு மேட்சில் யார் முதலில் நான்கு ஜெயிக்கிறாரோ அவர் அடுத்த சுற்றுக்கு. கடைசியில் ஜெயித்தவருக்கு ஸ்டான்லி கோப்பை. எழுபது மேட்ச் நன்றாக ஆடியவன் அந்த இரண்டு வாரத்தில் சொதப்பினால் போச்சு. அந்த வருஷம் முதலிடத்துக்கு கனேடியன்ஸும் டெட்ராய்ட்டும் முட்டிக்கொண்டு நின்றன. அந்த நேரத்தில் ரிஷாரை உருவியெடுத்தால்?

இன்னொன்றும் உண்டு. தனிநபர் பாயின்ட் பட்டியலில் ரிஷார்தான் முதல். அத்தனை வருஷத்தில் அவருக்கு ஒருமுறைகூடக் கிடைக்காத பட்டம் அது. கைக்கு எட்டும் தூரம். அதுவும் போச்சு.

*

மறுநாள் ராத்திரிதான் நாம் ஆரம்பத்தில் பார்த்த காட்சி. ரிஷாரும் அன்று அரங்கத்தில் ஒரு பார்வையாளராக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேட்ச் அதற்குமேல் நடக்கவில்லை. டெட்ராய்ட் ஜெயித்ததாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார் கேம்பெல். நமக்கு இது புதிதல்ல. 1996 உலகக்கோப்பை செமி ஃபைனலில் ஈடன் கார்டனில் பாட்டில் வீசியதில் மேட்சைத் தூக்கி இலங்கைக்குக் கொடுத்தார்களே, அதே கதை.

ஆனால் ஈடன் கார்டனோடு முடிந்தது. மான்ட்ரியலில் அது தெருவுக்கு வந்தது. செயின்ட் கேத்தரின் தெரு முழுக்கக் கண்ணாடி உடைந்தது. கார்கள் கவிழ்ந்தன. சுமார் ஐம்பது கடைகள் சூறை. விடிகாலை மூன்று மணி வரை ரகளை. பன்னிரண்டு போலீஸார் உட்பட முப்பத்தேழு பேருக்குக் காயம். சேதம் ஒரு லட்சம் டாலர் என்றார்கள். சாவு இல்லாமல் போனது அதிர்ஷ்டம்தான்.

'கேம்பெல் வராமல் இருந்திருக்கலாமே' என்றார் மேயர். 'பயந்து வீட்டில் உட்காரவா?' என்கிற ரீதியில் பதில் சொன்னார் கேம்பெல். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம்.

கடைசியில் ஊரை அடக்கியது போலீஸ் அல்ல. மார்ச் 18 அன்று மாலை ரிஷாரே மைக் முன்னால் உட்கார்ந்தார். முதலில் பிரெஞ்சில், பிறகு ஆங்கிலத்தில். தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன், இனி கலவரம் வேண்டாம், அணிக்குத் துணை நில்லுங்கள், அடுத்த வருஷம் திரும்பி வந்து கோப்பையை ஜெயிப்போம் என்றார். ஊர் அடங்கியது. ஆனால் 'லெ துவார்' நாளிதழில் ஆந்த்ரே லோராந்தோ, 'என் சகோதரன் ரிஷாரைக் கொன்றுவிட்டார்கள்' என்று தலைப்புக் கொடுத்து எழுதினார். இது ஹாக்கிச் சண்டை இல்லை, ஓர் இனத்தின் மனக்குமுறல் என்பது அதன் சாரம். ஐந்து வருஷம் கழித்து, 1960-ல் கியூபெக்கில் 'அமைதிப் புரட்சி' என்கிற பெரிய மாற்றம் தொடங்கியபோது, அதன் முதல் பொறி ஃபோரத்தில் விழுந்தது என்று பலர் சொன்னார்கள். அதெல்லாம் மிகை, ஹாக்கி கலவரம் வெறும் ஹாக்கி கலவரம்தான் என்று மறுக்கிற சரித்திர ஆசிரியர்களும் உண்டு.

*

சரி, அந்த பிளே-ஆஃப் என்ன ஆயிற்று?

சீஸன் முடிவில் டெட்ராய்ட் 95 பாயின்ட். கனேடியன்ஸ் 93. ஒரு வெற்றிக்கு இரண்டு பாயின்ட் என்பது கணக்கு. கலவர ராத்திரி மேட்சை மட்டும் கனேடியன்ஸ் ஜெயித்திருந்தால் அப்படியே தலைகீழாகியிருக்கும். 4-1 என்று பின்தங்கி இருந்தார்கள், ஜெயித்திருப்பார்கள் என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் ஆட்டம் இன்னும் இரண்டு பாகம் பாக்கி இருந்தது.

முதலிடம் பிடித்தவருக்கு என்ன லாபம்? ஃபைனலில் ஏழாவது மேட்ச் வந்தால் அது அவர் ஊரில் நடக்கும். கனேடியன்ஸ் பாஸ்டனை 4-1 என்று துரத்திவிட்டு ஃபைனலுக்கு வந்தார்கள், ரிஷார் இல்லாமலே. எதிரே டெட்ராய்ட். ஏழு மேட்சும் நடந்தன. ஏழிலும் யார் ஊரில் நடந்ததோ அந்த அணிதான் ஜெயித்தது! கடைசி மேட்ச் டெட்ராய்ட்டில். கோப்பையும் அங்கேயே தங்கிவிட்டது.

தலைவனுக்காகக் கல்லெறிந்த ரசிகர்கள், தங்கள் அணியின் தலையிலேயும் ஒன்று போட்டுவிட்டார்கள்.

அதைவிட மோசமான ஒன்றையும் செய்தார்கள். கனேடியன்ஸில் பெர்னி ஜெஃப்ரியோன் என்று ஓர் இளைஞர். 'பூம் பூம்' என்று செல்லப்பெயர். அவரும் மான்ட்ரியல் பிரெஞ்சுக்காரர்தான். ரிஷார் வெளியே உட்கார்ந்திருந்த அந்த சில நாட்களில் அவர் பாயின்ட் எடுத்தார். 75. ரிஷார் 74-ல் நின்றுபோனார். ஒரே ஒரு பாயின்ட்டில் பட்டம் கைமாறியது.

அதற்காக சொந்த ஊர் ரசிகர்களே ஜெஃப்ரியோனைக் கூச்சல் போட்டு விரட்டினார்கள். கோல் போட்டதற்காக ஒரு ஃபார்வர்டைத் திட்டிய கூத்து! வேண்டுமென்றே ஆடாமல் விட்டிருக்க வேண்டுமா? அப்படி விட்டு மேட்ச் தோற்றிருந்தால் அதற்கும் அவரைத்தானே திட்டியிருப்பார்கள்? விளையாட்டையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு மனம் வெறுத்துப்போனார் அந்த மனிதர்.

ரிஷார் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அடுத்த வருஷம் கோப்பை. அதற்கடுத்த வருஷமும். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து முறை. ரிஷார், ஜெஃப்ரியோன், பெலிவோ, ரிஷாரின் தம்பி ஹென்ரி என்று ஒரு பெரும்படை. மொத்தம் 544 கோல் போட்டுவிட்டு 1960-ல் ஓய்வு பெற்றார் ராக்கெட். அந்த ஒரு பாயின்ட் பட்டம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

1996, மார்ச் 11. ஃபோரத்தை மூடினார்கள். கடைசி மேட்ச் முடிந்து பழைய வீரர்களை அழைத்தபோது, ரிஷார் வந்து நின்றார். ஏழு நிமிடத்துக்குக் குறையாமல் கைதட்டினார்கள். போதும் என்று அவர் கையைக் காட்டியும் நிற்கவில்லை. கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. 2000-ல் அவர் இறந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள். அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு.

ஜெஃப்ரியோன்?

அவருக்கும் ஒரு நாள் வந்தது. அவருடைய ஐந்தாம் நம்பரை இனி யாருக்கும் தருவதில்லை என்று கனேடியன்ஸ் முடிவு செய்து, விழாவுக்கு நாள் குறித்தது. 2006, மார்ச் 11. அரங்கம் நிரம்பி வழிந்தது. குடும்பத்தினர் வந்திருந்தார்கள். ஐந்தாம் நம்பர் பேனர் மெல்ல மேலே ஏறியபோது மான்ட்ரியல் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு காலத்தில் கூச்சல் போட்ட அதே ஊர்.

ஜெஃப்ரியோன் மட்டும் அங்கே இல்லை. அன்று காலையில்தான், தூர அட்லான்டாவில், இறந்துபோயிருந்தார்.